பழைய பாத்தை விடலாமா, புது இடத்துக்கு மாத்தலாமா: யூனிக்ஸ் டைரக்டரி விஷயத்துல எந்த வழி யாருக்கு சரி

ஒரு ஏஆர்எம் போர்டுக்கு புது கெர்னல் மாட்யூல் போடணும், கைல ஒரு டார் ஃபைல் (பல ஃபைலை ஒண்ணா கட்டின ஆர்கைவ்) இருக்கு, உள்ள எல்லாமே லிப்/மாட்யூல்ஸ்னு ஆரம்பிக்குது, எப்பவும் போல ரூட்ல வெச்சு எக்ஸ்ட்ராக்ட் பண்ணேன். எரர் எதுவும் வரல. அடுத்து எல்எஸ் கமாண்ட் அடிச்சா "அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்ல"ன்னு வருது. சிபி, எம்வி, கேட் எது அடிச்சாலும் அதே பதில். டிஸ்க்ல ஒரு ஃபைல் கூட அழியல, எல்லாம் இருந்த இடத்துல இருக்கு, ஆனா எதுவும் ஓட மாட்டேங்குது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. அந்த சிஸ்டம்ல /லிப்ங்கிறது நிஜ டைரக்டரி கிடையாது, யூஎஸ்ஆர்/லிப்பை காட்டுற ஒரு ஸிம்லிங்க் (வேற இடத்துக்கு கைகாட்டுற குறுக்குப் பேர்) தான். ஆர்கைவுக்குள்ள லிப்னு ஒரு டைரக்டரி என்ட்ரி இருந்துச்சு, குனு டார் அதைப் பாத்துட்டு அந்த ஸிம்லிங்க்கை தூக்கிட்டு நிஜ டைரக்டரி ஒண்ணை அந்த இடத்துல வெச்சிடுச்சு, அதுக்குள்ள மாட்யூல்ஸ் மட்டும் தான் இருக்கு. ஓடும்போது லோடர்ங்கிற ப்ரோகிராம் மூலமா லைப்ரரியை சேத்துக்கிற 64-பிட் ஏஆர்எம் பைனரி எல்லாத்துக்குள்ளயும் "என்னை ஓட்டணும்னா /லிப்ல இருக்கிற எல்டி-லினக்ஸ் லோடரை கூப்பிடு"ன்னு முழு பாத் எழுதியிருக்கும், அந்த பாத் போயிடுச்சு, அதனால கெர்னல் "இல்ல"ன்னு சொல்லுது, எது இல்லன்னு சொல்றதில்ல. நல்லவேளை ஒரு ரூட் ஷெல் திறந்தே இருந்துச்சு, /யூஎஸ்ஆர்/லிப்புக்குள்ள இருக்கிற லோடரை முழு பாத் குடுத்து நேரடியா ஓட்டி, எம்வியையும் ஸிம்லிங்க் போடுற எல்என்னையும் அதுக்கு ஆர்க்யுமென்ட்டா குடுத்து ஸிம்லிங்க்கை திரும்ப வெச்சேன். அந்த ஷெல்லை மூடியிருந்தா கார்டை கழட்டி வேற மெஷின்ல போட்டு தான் சரி பண்ணியிருக்கணும். (டார்ல "கீப்-டைரக்டரி-ஸிம்லிங்க்"னு ஒரு ஆப்ஷன் இதுக்காகவே இருக்கு, ரூட்ல எதை விரிச்சாலும் அதைப் போடுங்க.)

இதுல தப்பு யார் மேலன்னு யோசிச்சா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. டார் ஃபைல் பண்ணவங்க கெர்னல் மாட்யூல்ஸ் காலம் காலமா இருந்த இடத்துல தான் வெச்சாங்க, டிஸ்ட்ரோக்காரங்க (லினக்ஸை பேக்கேஜ்களோட தொகுத்து குடுக்கிறவங்க) எல்லாத்தையும் /யூஎஸ்ஆருக்குள்ள வைக்கிற புது அமைப்புக்கு மாறினப்ப பழைய பேரும் வேலை செய்யணும்னு ஸிம்லிங்க் வெச்சாங்க. ரெண்டும் சரியா இருந்தும் சேர்ற இடத்துல உடைஞ்சுது. நீங்க ஒரு டிஸ்ட்ரோவோ, கம்பெனிக்குள்ள பயன்படுத்துற சர்வர் இமேஜோ, இல்ல சும்மா ஒரு அப்ளிகேஷனோ பராமரிக்கிறவங்களா இருந்தா இந்த முடிவு உங்க மேசைக்கும் வரும்: ஸ்டாண்டர்ட் சொல்ற இடத்துக்கு மாறணுமா, பழைய பாத்தை நம்பி இருக்கிறவங்களுக்காக அப்படியே விடணுமா, இல்ல நடுவுல ஒரு வழியா.

முதல்ல இந்த அமைப்பு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துடலாம், ஏன்னா பல பேர் இதை யாரோ உக்காந்து யோசிச்சு வரைஞ்ச டிசைன்னு நினைக்கிறாங்க. 70-கள் ஆரம்பத்துல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11ல யூனிக்ஸ் எழுதினப்ப ஒரு டிஸ்க்னா சில மெகாபைட் தான், /யூஎஸ்ஆர் அப்பெல்லாம் பேருக்கு ஏத்த மாதிரி யூசர்களோட ஃபைல் இருந்த இடம். ரூட் டிஸ்க் நிறைஞ்சு போக, சிஸ்டம் ப்ரோகிராம்கள் ரெண்டாவது டிஸ்க்கான /யூஎஸ்ஆருக்குள்ள வழிஞ்சு வந்துச்சு, அங்கயும் ப்ரோகிராம்களுக்கு ஒரு பின், லைப்ரரிகளுக்கு ஒரு லிப் உருவாச்சு. மவுண்ட் பண்ற வரைக்கும் தேவையானது /பின்ல, மத்தது /யூஎஸ்ஆர்/பின்லங்கிற விதி அந்த இடப் பற்றாக்குறையிலருந்து வந்தது. அந்த நெருக்கடி தீர்ந்து போன பிறகும் விதி மட்டும் தங்கிடுச்சு. லினக்ஸ்ல 1994 பிப்ரவரியில எந்த டைரக்டரி எதுக்குன்னு சொல்ற எஃப்எஸ்எஸ்டிஎன்டினு முதல் ஸ்டாண்டர்ட் வந்துச்சு, 1997ல அது எஃப்ஹெச்எஸ் 2.0 ஆச்சு, 2004ல 2.3, அதுக்கப்புறம் 11 வருஷம் கழிச்சு 2015ல 3.0. இந்த இடைவெளியை கவனிங்க, பின்னால வேணும்.

இன்னொரு விஷயம், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது ஸ்டாண்டர்டான போசிக்ஸ் இதுல ரொம்ப கொஞ்சமா தான் பேசுது. ரூட், /டெவ், /டெம்ப், அப்புறம் /டெவுக்குள்ள நல், டிடிஒய், கன்சோல், அவ்வளவு தான் அது உறுதி பண்ற பேருங்க. ஷெல் /பின்/எஸ்ஹெச்ல இருக்கும்னு கூட நம்பி எழுதாதீங்கன்னு தான் அது சொல்லுது. ஆனா உலகத்துல இருக்கிற எத்தனையோ ஷெல் ஸ்கிரிப்ட்டோட முதல் வரி அந்த பாத் தானே. அதாவது எழுதின ஸ்டாண்டர்ட் ஒண்ணு, எழுதாத ஸ்டாண்டர்ட் ஒண்ணு, எழுதாதது தான் வலுவானது.

சரி, இப்ப வழிகளுக்கு வரேன்.

எதையும் தொடாம இருக்கிறது முதல் வழி. ஃப்ரீபிஎஸ்டிங்கிற யூனிக்ஸ் வகை சிஸ்டம் கிட்டத்தட்ட இதைத் தான் பண்ணுது, அங்க /பின் தனி, /யூஎஸ்ஆர்/பின் தனி, வெளியிலருந்து போடுற பேக்கேஜ் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல்குள்ள, இதெல்லாம் ஹையர்னு ஒரு மேன் பேஜ்ல தெளிவா எழுதியிருக்கு, அந்த மேன் பேஜ் 1979ல வந்த ஏழாவது பதிப்பு யூனிக்ஸ்லருந்தே இருக்கு. பேஸ் சிஸ்டம் முழுசையும் ஒரே குழு ஒரே மரத்துல வெச்சு பராமரிக்கிறதால அங்க இது நல்லாவே ஓடுது. லினக்ஸ் பக்கம் நிலைமை வேற, ஆயிரக்கணக்கான பேக்கேஜ் வெவ்வேற ஆளுங்ககிட்டருந்து வருது, பூட் ஆரம்பத்துல ஹார்ட்வேரை கவனிக்கிற யூடெவோட ரூல் ஒண்ணு /யூஎஸ்ஆர்ல இருக்கிற ப்ரோகிராமை கூப்பிடும், அது இன்னொரு லைப்ரரியை தேடும், /யூஎஸ்ஆர் மவுண்ட் ஆகறதுக்கு முன்னாடி எது எது வேணும்ங்கிற பட்டியல் வளர்ந்துக்கிட்டே போச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு லைப்ரரியை /லிப்புக்கு தூக்கிட்டு வர்றதுன்னு பேக்கேஜ் பண்றவங்க வருஷக்கணக்கா ஓடினாங்க. தொடாம இருக்கிறதுக்கும் செலவு இருக்கு, அது எந்த ரிலீஸ் நோட்லயும் எழுதப்படாத செலவு, அதனால கண்ணுக்கு தெரியாது.

ரெண்டாவது வழி, நிஜ ஃபைலை புது இடத்துக்கு கொண்டு போயிட்டு பழைய டைரக்டரி பேர்ல ஸிம்லிங்க் வைக்கிறது. சோலாரிஸ்ங்கிற யூனிக்ஸ்ல /பின் ரொம்ப காலமாவே /யூஎஸ்ஆர்/பின்னுக்கு ஸிம்லிங்க் தான். லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள்ல ஃபெடோரா 17 2012ல மாறிச்சு, ஆர்ச் 2013ல முடிச்சுது. இந்த ரெண்டும் பண்ண விதத்துல ஒரு ஒற்றுமை: ஒரு குறிப்பிட்ட நாள், அதுக்கு முன்னாடி பழசு, அதுக்கு அப்புறம் புதுசு, நடுவுல ரொம்ப நேரம் நிக்கல. ஆர்ச்ல அந்த அப்டேட்டை சொன்ன வரிசைப்படி பண்ணாதவங்க மாட்டிக்கிட்டாங்க தான், ஆனா அந்த வலி சில வாரத்துல முடிஞ்சு போச்சு.

டெபியன்ல நடந்தது தான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் பெரிய பாடம், அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன். அங்க யாரையும் கட்டாயப்படுத்த வேணாம்னு நல்ல மனசோட தான் ஆரம்பிச்சாங்க, யூஎஸ்ஆர்மெர்ஜ்னு ஒரு பேக்கேஜ், வேணும்கிறவங்க போட்டுக்கலாம், 2019ல வந்த டெபியன் 10ல புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்கு மட்டும் புது அமைப்பு, பழைய மெஷின் பழைய மாதிரியே இருக்கலாம். விளைவு, ஒரே ரிலீஸ்ல ரெண்டு விதமான சிஸ்டம். அதுல முதல்ல வந்த பிரச்சனை பில்ட்ல: புது அமைப்புல ஒரு பேக்கேஜை கம்பைல் பண்ணா பில்டுக்கு முன்னாடி ஓடுற கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், டெக்ஸ்டை மாத்துற எஸ்இடி டூல் எங்க இருக்குன்னு தேடி /யூஎஸ்ஆர்/பின்/எஸ்இடின்னு கண்டுபிடிச்சு அதை பைனரிக்குள்ளயோ ஸ்கிரிப்ட்டுக்குள்ளயோ எழுதி வெச்சிடும், அந்த பேக்கேஜை பழைய அமைப்புல போட்டா அங்க எஸ்இடி /பின்ல தான் இருக்கு, ஓடாது. திருப்பி பண்ணா பிரச்சனை இல்ல, ஏன்னா புதுசுல பழைய பாத்தும் வேலை செய்யும். ஒரு பக்கம் மட்டும் உடையற இந்த மாதிரி பிழையை டெஸ்ட்ல பிடிக்கிறது ரொம்ப கஷ்டம்.

அதை விட ஆழமான பிரச்சனை டெபியனோட பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜிக்குள்ள. டிபிகேஜி ஒவ்வொரு ஃபைலையும் பாத் பேர் வெச்சு தான் கணக்கு வெச்சுக்குது, அதுக்கு /பின்/எக்ஸ் வேற, /யூஎஸ்ஆர்/பின்/எக்ஸ் வேற. டிஸ்க்ல ரெண்டும் ஒரே ஃபைல்னு அதுக்கு தெரியாது. இப்ப ஒரு பேக்கேஜ்லருந்து இன்னொரு பேக்கேஜுக்கு அந்த ஃபைல் மாறுது, மாறும்போதே பாத்தும் /பின்லருந்து /யூஎஸ்ஆர்/பின்னுக்கு மாறுதுன்னு வைங்க. புது பேக்கேஜ் வந்து ஃபைலை வைக்கும், டிபிகேஜிக்கு அது வேற பாத், அதனால மோதல்னே தோணாது, அடுத்து பழைய பேக்கேஜ் அப்கிரேட் ஆகும்போது "என் பட்டியல்ல இருந்த /பின்/எக்ஸ் இனிமே இல்ல"ன்னு அதை அழிக்கும், அழியறது இப்ப தான் வெச்ச புது ஃபைல். எரர் இல்ல, வார்னிங் இல்ல, ஃபைல் மட்டும் காணோம். ஒரு ஃபைலை ஒதுக்கி வைக்கிற டைவர்ட்லயும், ஒரே பேருக்கு பல ப்ரோகிராம்ல ஒண்ணை தேர்ந்தெடுக்கிற ஆல்டர்னேட்டிவ்ஸ்லயும் இதே குழப்பம். அதனால ரொம்ப நாளைக்கு "பாத்தையும் பேக்கேஜையும் ஒண்ணா மாத்தாதீங்க"ன்னு பேக்கேஜ் பண்றவங்களை நிறுத்தி வெக்க வேண்டியதாச்சு. 2021ல டெக்னிக்கல் கமிட்டி, டெபியன் 12ல புது அமைப்பு மட்டும் தான்னு முடிவு பண்ணுச்சு, 2023ல அது வந்துச்சு, பேக்கேஜ்களுக்குள்ள இருக்கிற பாத்தை எல்லாம் நிஜ இடத்துக்கு மாத்தி முடிக்க 2025ல வந்த டெபியன் 13 வரைக்கும் ஆச்சு. ஃபெடோரா ஒரு ரிலீஸ்ல கடந்ததை இவங்க கடக்க பத்து வருஷத்துக்கு பக்கத்துல ஆயிருக்கு.

அந்த விவாதத்துல இன்னொரு யோசனையும் இருந்துச்சு, டைரக்டரியையே ஸிம்லிங்க் ஆக்காம, /பின்னை நிஜ டைரக்டரியாவே விட்டுட்டு ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி ஸிம்லிங்க் வைக்கலாம், அந்த ஸிம்லிங்க்கும் பேக்கேஜ்லருந்தே வரும், அப்ப டிபிகேஜிக்கு எல்லாமே தெரியும், கணக்கு தப்பாதுன்னு. பேக்கேஜ் மேனேஜர் பக்கத்துலருந்து பாத்தா இது தான் சுத்தமான வழின்னு நான் இன்னைக்கும் ஒத்துக்கறேன், எனக்கு நடந்த டார் விபத்து கூட அந்த அமைப்புல நடந்திருக்காது. ஆனா இதுக்கு ஒவ்வொரு பேக்கேஜையும் கையால தொடணும், எப்ப முடியும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது. உங்க இமேஜ்ல 40 பேக்கேஜ் தான் இருக்கு, எல்லாம் உங்க கைல தான் இருக்குன்னா இதை தாராளமா எடுங்க. ஆயிரக்கணக்குல இருந்தா டைரக்டரி ஸிம்லிங்க் தான், ஆனா உங்க பேக்கேஜ் மேனேஜர் பாத்தை எப்படி ஒப்பிடுதுன்னு முதல்ல பாத்துட்டு.

ஸிம்லிங்க் வைக்கிறப்ப ஒரு சின்ன எச்சரிக்கை, அது ரிலேட்டிவா இருக்கணும், அதாவது யூஎஸ்ஆர்/பின்னுன்னு, முன்னாடி ஸ்லாஷ் இல்லாம. ஸ்லாஷோட வெச்சா, அந்த ரூட் ஃபைல்சிஸ்டத்தை வேற மெஷின்ல ஒரு மவுண்ட் பாயின்ட்டுக்கு கீழ மவுண்ட் பண்ணி பாக்கிறப்ப லிங்க் உங்க ஹோஸ்ட்டோட /யூஎஸ்ஆர்/பின்னுக்கு போகும், ரிப்பேர் பண்ணறதா நினைச்சுக்கிட்டு உங்க சொந்த மெஷினை மாத்திடுவீங்க.

மூணாவது, பழைய பேரை முழுசா தூக்கிட்டு புது பாத் மட்டும் வைக்கிறது. பொதுவான சிஸ்டத்துல இதை யாரும் பண்ணக் கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து. லோடரை நம்பி ஓடுற சாதாரண x86-64 லினக்ஸ் பைனரிகள்ல /லிப்64ல இருக்கிற லோடரோட பாத் எழுதியிருக்கு. டெபியன் லைப்ரரிகளை வைக்க லிப்64 முறையை ஏத்துக்கவே இல்ல, மல்டிஆர்ச்னு ஆர்க்கிடெக்சர் பேர்ல தனி டைரக்டரி போட்டுக்கிட்டாங்க, இருந்தும் அந்த ஒரு லோடருக்காக /லிப்64ங்கிற பேரை வெச்சே இருக்காங்க. மூடின கம்பெனி சாஃப்ட்வேர், பத்து வருஷம் முன்னாடி கம்பைல் பண்ண டூல், சோர்ஸ் தொலைஞ்சு போன ப்ரோகிராம், இதெல்லாம் அந்த ஒரு பேரை நம்பி ஓடிக்கிட்டு இருக்கு. ஸ்டாண்டர்டே கூட இதை ஏத்துக்குது: மெயில் அனுப்புற சென்ட்மெயில் ப்ரோகிராம் /யூஎஸ்ஆர்/எஸ்பின்ல (நிர்வாக ப்ரோகிராம்களுக்கான இடம்) இருந்தா, /யூஎஸ்ஆர்/லிப்ல அதே பேர்ல ஒரு லிங்க் இருந்தே ஆகணும்னு எஃப்ஹெச்எஸ்லயே விதியா எழுதியிருக்கு, வரலாற்று காரணத்துக்காகன்னு. இடத்தை முறைப்படுத்த வந்த ஆவணத்துக்குள்ளயே பழைய இடத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்காங்க, அது எனக்கு ரொம்ப நேர்மையா பட்டுச்சு.

நாலாவது, மொத்த மரத்தையும் கலைச்சுட்டு புதுசா போடுறது. கோபோலினக்ஸ் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் தனி டைரக்டரி குடுத்துது, பழைய பேரெல்லாம் உள்ளுக்குள்ள லிங்க்கா இருக்கும், கண்ணுல படாம மறைக்க கெர்னல் பக்கமே ஒரு வேலை பண்ணியிருக்காங்க. நிக்ஸ்ஓஎஸ் இன்னும் தூரம் போயிடுச்சு, எல்லா பேக்கேஜும் /நிக்ஸ்/ஸ்டோர்ல தனித்தனி ஹேஷ் குறியீடு சேர்ந்த பேரோட, ஒரே லைப்ரரியோட மூணு வெர்ஷன் பக்கத்து பக்கத்துல சண்டை இல்லாம இருக்கலாம், அப்டேட் சரியில்லன்னா முந்தின நிலைக்கு திரும்பலாம், இதெல்லாம் பழைய அமைப்புல கனவு மாதிரி. விலை என்னன்னா வெளியிலருந்து இறக்கின பைனரி சும்மா ஓடாது, லோடர் அந்த பாத்ல இல்ல, அதே "ஃபைல் இல்ல" எரர் தான், நான் அந்த போர்டுல பாத்தது. இப்ப வர்ற பதிப்புகள்ல அந்த பழைய பாத்ல ஒரு சின்ன ஸ்டப் வெச்சிருக்காங்க, அது ஓட்டாது, ஏன் ஓடலைன்னு மட்டும் சொல்லும். இவ்வளவு துணிஞ்சவங்க கூட /பின்/எஸ்ஹெச், /யூஎஸ்ஆர்/பின்/என்வி இந்த ரெண்டு பேரை தூக்க முடியல. நீங்க சர்வர் எல்லாத்தையும் டெக்ளரேட்டிவா (எப்படி இருக்கணும்னு ஃபைல்ல எழுதி) வெச்சிருக்கீங்க, வெளி பைனரி குறைவுன்னா நான் தயங்காம நிக்ஸை சொல்வேன். வெண்டர் குடுக்கிற மூடின சாஃப்ட்வேரை ஓட்டுறது தான் உங்க சர்வரோட வேலைன்னா வேணாம், ஒவ்வொண்ணுக்கும் பேட்ச் பண்ணியே வாரம் போகும்.

மேக்ஓஎஸ் பக்கமும் ஒரு பார்வை. அங்க /ஈடிசி, /டெம்ப், /வார் மூணும் /பிரைவேட்டுக்குள்ள போற ஸிம்லிங்க் தான், பல பேர் கவனிச்சிருக்க மாட்டாங்க. 2015ல /யூஎஸ்ஆரை யாரும் எழுத முடியாதபடி பூட்டினப்ப /யூஎஸ்ஆர்/லோக்கலை மட்டும் திறந்து விட்டாங்க. மேக்ல ப்ரோகிராம் போட உதவுற ஹோம்ப்ரூ இன்டெல் மெஷின்ல /யூஎஸ்ஆர்/லோக்கல்ல தான் இருந்துச்சு, ஆப்பிளோட சொந்த சிப் வந்தப்ப அதுல மட்டும் /ஆப்ட்/ஹோம்ப்ரூன்னு மாத்திட்டாங்க, இன்டெல்ல பழசை தொடவே இல்ல. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுன்னு கெட்டியா எழுதின ஸ்கிரிப்ட்டெல்லாம் புது மெஷின்ல உடைஞ்சுது, ஆனா புது ஆர்க்கிடெக்சருக்கு எப்படியும் எல்லாத்தையும் திரும்ப பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ணித் தான் ஆகணும், அந்த நேரத்துல பாத்தையும் சேத்து மாத்தினதால தனியா ஒரு வலி வரல. பாத் மாத்தணும்னு நினைக்கிறவங்க இந்த மாதிரி ஒரு சமயத்துக்காக காத்திருக்கலாம், ரொம்ப புத்திசாலித்தனமான தேர்வு அது.

ஸ்டாண்டர்ட் சொல்ற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு கேட்டா, நான் முன்னாடி கவனிக்கச் சொன்ன 11 வருஷ இடைவெளி தான் பதில். ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோகிராம்களோட தற்காலிக ஃபைல் இருக்கிற /வார்/ரன் பூட் ஆரம்பத்துல கிடைக்காதுங்கிறதால 2011ல டிஸ்ட்ரோக்கள் ஒண்ணா சேர்ந்து /ரன்னை கொண்டு வந்துட்டாங்க, எஃப்ஹெச்எஸ்ல அது ஏறினது 2015ல. முதல்ல நடைமுறை, அப்புறம் தான் எழுத்து. /வார்/ரன் இன்னும் ஸிம்லிங்க்கா இருக்கு, டாக்கர் சாக்கெட்டை இன்னைக்கும் எல்லாரும் /வார்/ரன் வழியா தான் கூப்பிடறாங்க, சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டி, அதோட யூனிட் ஃபைல்ல பழைய பாத்தைப் பாத்தா லாக்ல ஒரு வரி எழுதிட்டு தானே புது பாத்தா மாத்திக்குது. இந்த மாதிரி ஓட விட்டுக்கிட்டே சொல்லிக் குடுக்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச முறை, எங்க இமேஜ்லயும் இதையே காப்பி அடிச்சேன்.

அப்ளிகேஷன் எழுதறவங்களுக்கு இந்த முடிவு இன்னும் சுலபம். ஹோம் டைரக்டரியில புள்ளி வெச்ச ஃபைல்களை கொட்டுறதை நிறுத்த எக்ஸ்டிஜினு ஒரு விதி 2003லருந்து இருக்கு, கான்ஃபிக் ஒரு இடம், கேஷ் ஒரு இடம், டேட்டா ஒரு இடம். கோட் வெர்ஷன்களை பராமரிக்கிற கிட் இதுல பண்ணதை அப்படியே பண்ணுங்க: பழைய கிட்கான்ஃபிக் ஃபைலையும் படிக்கும், கான்ஃபிக் டைரக்டரிக்குள்ள இருக்கிறதையும் படிக்கும், ரெண்டும் இருந்தா பழையது சொல்றது ஜெயிக்கும், எழுதறப்பவும் பழையது இருக்கிற வரைக்கும் அதுலயே எழுதும். யாரோட ஃபைலையும் கேக்காம நகர்த்தாது. சில ப்ரோகிராம்கள் அப்டேட்ல தானாவே ஃபைலை புது இடத்துக்கு தூக்கிட்டு போகும், அதே ஹோம் டைரக்டரியை பழைய வெர்ஷன் இருக்கிற இன்னொரு மெஷினும் மவுண்ட் பண்ணியிருந்தா அங்க செட்டிங்ஸ் எல்லாம் காணாம போகும், அதை தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஸ்கிரிப்ட்ல பாஷ் வேணும்னா முதல் வரியில என்வி (ப்ரோகிராமை தேடிக் கண்டுபிடிச்சு ஓட்டுற கமாண்ட்) வழியா கூப்பிடுங்க, ஃப்ரீபிஎஸ்டியில பாஷ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்ல இருக்கும், நிக்ஸ்ல எங்க இருக்கும்னு சொல்லவே முடியாது, ரெண்டுலயும் ஓடும்.

எங்க இமேஜுக்கு நான் கடைசியில எடுத்தது ரெண்டாவது வழி, ஒரே ரிலீஸ்ல, பழைய இமேஜையும் புது இமேஜையும் ஒரே பேக்கேஜ் ரெப்போலருந்து ஓட்ட மாட்டோம்ங்கிற கண்டிஷனோட. ஆறு மாசம் ரெண்டையும் சப்போர்ட் பண்ணலாமேன்னு டீம்ல கேட்டாங்க, டெபியன் கதையை விளக்கின பிறகு ஆறு மாசம் மூணு வாரமா குறைஞ்சுது. ஸிம்லிங்க்குகளுக்கு எக்ஸ்பயரி தேதி எதுவும் போடல. பூட்ல ஒரு சின்ன செக் மட்டும் வெச்சிருக்கேன், /பின், /எஸ்பின், /லிப், /லிப்64 நாலும் இன்னும் ஸிம்லிங்க்கா தான் இருக்கான்னு பாக்கும், அந்த செக்கை ஸ்டாட்டிக்கா (லோடரும் வெளி லைப்ரரியும் தேவைப்படாத மாதிரி) கம்பைல் பண்ணி வெச்சிருக்கேன், /லிப் போனாலும் அது ஓடும். எஸ்பின்னை பின்னோட சேர்க்கிறது பத்தி, ஃபெடோரா 42ல 2025ல அதையும் பண்ணிட்டாங்க, நான் இன்னும் பண்ணல, அடுத்த ஆர்க்கிடெக்சர் மாத்தம் வர்றப்ப அதோட சேத்து பண்றதா வெச்சிருக்கேன்.